17 மைக்ரான் பிக்சலா, 12 மைக்ரானா? லென்ஸையும் சேர்த்துப் பார்த்து ஒரு பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். இரவில் 300, 400 மீட்டர் தள்ளி நடமாடும் விலங்குகளைக் கவனிக்க ஒரு தெர்மல் கருவி வாங்கப் போகிறீர்கள். இரண்டு கருவிகளைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். இரண்டிலும் சென்சார் 640×512. ஒன்றில் பிக்சல் 17 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), லென்ஸின் குவியத் தூரம் 35 மில்லிமீட்டர். மற்றதில் பிக்சல் 12 மைக்ரான், லென்ஸ் 25 மில்லிமீட்டர். இரண்டு லென்ஸும் எஃப்/1.0 (குவியத் தூரத்தை லென்ஸ் வாயின் விட்டத்தால் வகுத்தால் வரும் எண் இது). "12 மைக்ரான்தான் புதுத் தலைமுறை, அதிக தூரம் தெரியும்" என்கிறார் விற்பவர். "பெரிய பிக்சல்தான் அதிக வெப்பத்தை வாங்கும், படம் சுத்தமாக இருக்கும்" என்கிறார் உங்கள் நண்பர். யார் சொல்வது சரி என்பது கேள்வி. அதற்கு அடியில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: பிக்சல் அளவு என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு ஒரு கருவி நல்லதா கெட்டதா என்று சொல்லிவிட முடியுமா? அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு முடியாது. லென்ஸின் விட்டத்தையும் குவியத் தூரத்தையும் பக்கத்தில் எழுதிவிட்டால் பெரும்பாலும் முடியும். அப்படி எழுதிப் பார்த்தால், இந்த ஜோடியைப் பொறுத்தவரை நண்பர் சொல்வதில்தான் நியாயம் இருக்கிறது. ஏன் என்பது கொஞ்சம் நீளமான விஷயம்.

நான் பல வருடங்களாகத் தெர்மல் கேமராக்களைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். வெப்பநிலை துல்லியமாகத் தெரிந்த ஒரு கறுப்புத் தகட்டின் முன்னால் கருவியை நிறுத்தி, படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் இரைச்சல் எவ்வளவு, எவ்வளவு மெல்லிய கோடு வரை பிரித்துக் காட்டுகிறது என்று அளப்பதுதான் தினசரி வேலை. என் கையில் வந்தவை அநேகமாக எல்லாமே குளிரூட்டாத வகை. நீங்கள் பார்க்கும் கருவிகளும் அதே வகைதான். அதனால் இங்கே சொல்வது முழுக்க அவற்றைப் பற்றியது. குளிரூட்டிய சென்சார்களின் கதை வேறு, அதைக் கடைசியில் இரண்டு வரியில் தொட்டுவிடுகிறேன்.

இந்தச் சென்சாரில் ஒரு பிக்சல் என்பது என்ன என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். போன் கேமராவின் பிக்சல் ஒளியை நேரடியாக மின்னூட்டமாக மாற்றுகிறது. இங்கே அப்படி இல்லை. ஒவ்வொரு பிக்சலும் ஒரு குட்டி மேஜை மாதிரி. மெல்லிய இரண்டு கால்களில் நின்றுகொண்டு, கீழே இருக்கும் சிலிக்கான் சுற்றைத் தொடாமல் சுமார் 2 அல்லது 2.5 மைக்ரான் மேலே தொங்குகிறது. அந்த இடைவெளியும் சும்மா வைத்ததில்லை. பிடிக்க வேண்டிய அகச்சிவப்புக் கதிரின் அலைநீளம் 10 மைக்ரான் பக்கம். அதில் கால் பங்கு இடைவெளி விட்டால், மேஜையைக் கடந்து போகும் கதிர் கீழே பட்டுத் திரும்பி வந்து மறுபடி உறிஞ்சப்படும். மேஜையின் பரப்பில் வனேடியம் ஆக்சைடோ, படிக வடிவமில்லாத சிலிக்கானோ பூசியிருக்கும். அது சூடானால் அதன் மின்தடை மாறும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 சதவீதம். மொத்தச் சென்சாரும் வெற்றிடத்தில் அடைக்கப்பட்டிருக்கும், காற்று இருந்தால் அந்தச் சூடு உடனே ஓடிவிடும் என்பதால்.

இப்போது அளவைக் கவனியுங்கள். எதிரே உள்ள பொருளின் வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால், அந்தக் குட்டி மேஜை ஒரு டிகிரி சூடாவதில்லை. நூறில் ஒரு பங்கு, பல நேரம் அதற்கும் குறைவாகத்தான் சூடாகிறது. 0.05 டிகிரி வித்தியாசத்தைக் காட்டும் கருவி என்றால், பிக்சல் 0.0005 டிகிரி சூடானதை அது உணர வேண்டும். மின்தடையில் லட்சத்தில் ஒரு பங்கு மாற்றம். இதை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பேர் கொண்ட கூட்டத்தில் அத்தனை பேரிடமும், விநாடிக்கு முப்பது ஐம்பது தடவை விசாரித்துப் படமாக்குகிறது கருவி. எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு இது சலிக்காத விஷயம்.

சரி, பிக்சலைச் சிறிதாக்கினால் என்ன ஆகும்? 17 மைக்ரான் பிக்சலின் பரப்பு 289 சதுர மைக்ரான். 12 மைக்ரானுக்கு 144. சரிபாதி. லென்ஸின் எஃப் எண் ஒன்றாக இருந்தால், சென்சாரின் மேல் விழும் வெப்பக் கதிரின் அடர்த்தியும் ஒன்றாகவே இருக்கும். அப்படியானால் சின்னப் பிக்சலுக்குக் கிடைக்கும் ஆற்றல் பெரியதில் பாதிதான். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, வெறும் வடிவக் கணிதம். உங்கள் நண்பர் சொல்வதன் அடிப்படை இதுதான்.

அப்படியானால் விளம்பரத் தாளில் 12 மைக்ரான் சென்சாருக்கும் 17 மைக்ரானுக்கும் உணர்திறன் எண் கிட்டத்தட்ட ஒன்றாகவே போட்டிருக்கிறார்களே, எப்படி? அது பொய்யில்லை. பாதி ஆற்றலை வைத்துக்கொண்டு அதே வேலையை வாங்கத் தயாரிப்பாளர்கள் இத்தனை வருடமாகப் பாடுபட்டிருக்கிறார்கள். 1980களில் அமெரிக்காவில் ஹனிவெல் நிறுவனம் இந்த வகைச் சென்சாரை உருவாக்கியபோது பிக்சல் 50 மைக்ரான். அங்கிருந்து 35, 25, 17, 12 என்று இறங்கி வந்தது. இப்போது 10 மைக்ரானும் 8 மைக்ரானும் வந்துவிட்டன. ஒவ்வொரு படியிலும் மேஜையின் கால்களை இன்னும் மெல்லிதாக்கினார்கள், கிடைத்த சூடு அவ்வளவு சீக்கிரம் கீழே வடியாதபடி. கால்கள் அடைத்துக்கொண்டிருந்த இடத்தை மிச்சப்படுத்த, அவற்றைக் கீழ்த்தட்டில் மறைத்து, மேலே குடை மாதிரி ஒரு உறிஞ்சு பரப்பை விரித்தார்கள். அதற்கும் ஒரு விலை உண்டு. சூடு வடிய நேரமானால் பிக்சல் மந்தமாகிவிடும். ஓடுகிற விலங்கின் பின்னால் வால் மாதிரி ஒரு தடம் விழும். அதைத் தவிர்க்க மேஜையை இன்னும் மெல்லிதாக, எடை குறைவாகச் செய்ய வேண்டியிருந்தது. அதனால் "12 மைக்ரான் என்றால் உணர்திறன் பாதி" என்று யாராவது சொன்னால் அது தவறு. ஒரே தலைமுறைத் தொழில்நுட்பத்தில் செய்த இரண்டு சென்சார்களைப் பக்கத்தில் வைத்தால் பெரிய பிக்சலுக்குச் சாதகம் உண்டு. பழைய 17 மைக்ரானையும் புது 12 மைக்ரானையும் ஒப்பிட்டால் அந்தச் சாதகம் கரைந்துபோயிருக்கலாம். உங்கள் இரண்டு கருவிகளில் எது எந்த வருடத்துச் சென்சார் என்று கேட்டுப் பார்ப்பது வீண் போகாது.

அடுத்தது தூரம். ஒரு பிக்சல் எவ்வளவு குறுகலான கோணத்தைப் பார்க்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். பிக்சல் அளவைக் குவியத் தூரத்தால் வகுத்தால் அந்தக் கோணம் கிடைத்துவிடும். 17 மைக்ரானை 35 மில்லிமீட்டரால் வகுத்தால் 0.486 மில்லிரேடியன். 12 மைக்ரானை 25 மில்லிமீட்டரால் வகுத்தால் 0.480. இரண்டுக்கும் நடுவே மயிரிழை வித்தியாசம்தான். மில்லிரேடியன் என்றால் பயப்பட வேண்டாம்: 1000 மீட்டர் தூரத்தில் 1 மீட்டர், அவ்வளவுதான். 400 மீட்டர் தூரத்தில் இரண்டு கருவிகளிலும் ஒரு பிக்சல் ஏறக்குறைய 19 சென்டிமீட்டரைப் பார்க்கிறது. ஒரு மீட்டர் உயரமுள்ள விலங்கு அங்கே நின்றால், இரண்டிலுமே உயரத்துக்கு ஐந்து பிக்சல் கிடைக்கும். பார்வைப் புலமும் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே, 17.6 டிகிரி பக்கம். ஆக, "12 மைக்ரானில் அதிக தூரம் தெரியும்" என்ற வாதம் இந்த ஜோடியில் நிற்கவே இல்லை. சின்னப் பிக்சலின் சாதகத்தைச் சின்ன லென்ஸ் அப்படியே வாங்கிக்கொண்டுவிட்டது.

இதே 12 மைக்ரான் சென்சாரின் முன்னால் 35 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் கதை மாறும். அப்போது ஒரு பிக்சலுக்கு 0.343 மில்லிரேடியன். 400 மீட்டரில் 14 சென்டிமீட்டருக்கும் குறைவு. அதே விலங்குக்கு ஏழு பிக்சல். விற்பவர் மனதில் வைத்துப் பேசுவது இந்த நிலைமையாக இருக்கலாம். ஆனால் பார்வைப் புலமும் 12.5 டிகிரியாகச் சுருங்கிவிடும். 100 மீட்டரில் 31 மீட்டர் அகலம் தெரிந்த இடத்தில் 22 மீட்டர்தான் தெரியும். மரங்களுக்கு நடுவே, கிட்டத்தில் குறுக்கே ஓடும் விலங்கைத் தேடிப் பிடிக்க இது தொந்தரவு. திறந்த வெளியில் தொந்தரவு இல்லை.

இந்தப் பிக்சல் கணக்கை வைத்து என்ன தெரியும், என்ன தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜான் ஜான்சன் என்ற அமெரிக்க ராணுவ ஆய்வாளர் 1958-ல் கொடுத்த அளவுகோலை இன்றைக்கும் பலர் பயன்படுத்துகிறார்கள். பிக்சல் கணக்கில் சொன்னால், இலக்கின் குறுகிய பரிமாணத்தில் இரண்டு பிக்சல் விழுந்தால் 'ஏதோ இருக்கிறது' என்று தெரியும். எட்டு பிக்சல் பக்கம் விழுந்தால் என்ன வகை என்று தெரியும். பன்னிரண்டு, பதின்மூன்று விழுந்தால் இன்னதுதான் என்று சொல்லலாம். உங்கள் இரண்டு கருவிகளிலும் ஒரு மீட்டர் விலங்கு 1000 மீட்டரில் 'ஏதோ' ஆகத் தெரியும், 260 மீட்டரில்தான் என்ன வகை என்று தெரியும். விளம்பரத் தாளில் பெரிதாக அச்சடிப்பது முதல் எண்ணைத்தான். அதோடு, இவை பாதிக்குப் பாதி வாய்ப்புக்கான எண்கள். பத்துப் பேர் பார்த்தால் ஐந்து பேர் சரியாகச் சொல்லும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரக் காற்று, கை நடுக்கம், புல் மறைப்பு எதுவும் இதில் சேரவில்லை.

இப்போது இந்த விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். ஒரு பிக்சலுக்கு எவ்வளவு ஆற்றல் வருகிறது என்பதைப் பிக்சல் பரப்பை வைத்துக் கணக்கிட்டோம். அதையே லென்ஸ் பக்கத்திலிருந்தும் கணக்கிடலாம். லென்ஸின் வாய் எவ்வளவு அகலம், அந்தப் பிக்சல் எவ்வளவு குறுகலான கோணத்தைப் பார்க்கிறது: இந்த இரண்டையும் பெருக்கினால் முடிந்தது. பிக்சல் எத்தனை மைக்ரான் என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. புனலில் மழைநீர் பிடிக்கிறோம் என்று வையுங்கள். எவ்வளவு தண்ணீர் சேரும் என்பதைப் புனலின் வாய்தான் தீர்மானிக்கிறது. கீழே குழாய் குறுகலா அகலமா என்பதில் ஒன்றும் இல்லை, குழாய் வழியாமல் இருந்தால் போதும். உதாரணத்துக்கு, 17 மைக்ரான் சென்சாரின் முன்னால் 35 மில்லிமீட்டர் எஃப்/1.4 லென்ஸ் இருக்கிறது. 12 மைக்ரானின் முன்னால் 25 மில்லிமீட்டர் எஃப்/1.0 லென்ஸ். இரண்டிலும் லென்ஸ் வாய் 25 மில்லிமீட்டர். கோணமும் ஒன்றே. ஒரு பிக்சலுக்கு வரும் ஆற்றலும் அப்படியே ஒன்று. பரப்பில் பாதியான பிக்சல், பெரியதற்குக் குறையாத ஆற்றலை வாங்குகிறது. ஏனென்றால் குறைந்த குவியத் தூரம் அதே ஆற்றலைச் சின்ன இடத்தில் குவித்துக் கொடுக்கிறது.

உங்கள் ஜோடியில் நிலைமை வேறு. இரண்டுமே எஃப்/1.0 என்பதால் ஒன்றின் வாய் 35 மில்லிமீட்டர், மற்றதன் வாய் 25. பரப்பில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரே கோணத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு மடங்கு ஆற்றலை வாங்கும் கருவி எது என்று கேட்டால், 17 மைக்ரான் கருவிதான். நண்பர் சொன்ன முடிவு சரி, ஆனால் அதைச் செய்தது பிக்சல் என்பதைவிட அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரிய கண்ணாடி என்பதே பொருத்தம். (கண்ணாடி என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். சாதாரணக் கண்ணாடி இந்த அலைநீளத்தைக் கடத்தவே கடத்தாது. இவை பெரும்பாலும் ஜெர்மானியத்தில் செய்தவை.) அந்த ஜெர்மானியத்துக்கு எடையும் செலவும் உண்டு. லென்ஸின் எல்லா அளவுகளும் ஒரே விகிதத்தில் சுருங்கினால் 25 மில்லிமீட்டர் லென்ஸின் எடை 35-ன் எடையில் மூன்றில் ஒரு பங்கு பக்கம் வந்துவிடும். தயாரிப்பாளர்கள் பிக்சலைச் சிறிதாக்க இவ்வளவு முனைவதன் முதல் காரணமே இதுதான். அதே பார்வைக் கோணத்தைச் சின்ன லென்ஸில், சின்ன உடலில், மலிவாகக் கொடுக்கலாம். ஒரே சிலிக்கான் வட்டத் தகட்டிலிருந்து அதிகச் சென்சார்களும் வெட்டலாம். இது நல்ல காரணம்தான். மணிக்கணக்கில் கையில் பிடித்துக்கொண்டு உட்காருபவருக்குக் கருவி இலகுவாக இருப்பது பெரிய விஷயம். அதை 'அதிக தூரம்' என்று பெயர் மாற்றி விற்கும்போதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அடுத்து விளிம்பு விளைவு, அதாவது லென்ஸின் விளிம்பில் அலை வளைந்து படத்தைக் கொஞ்சம் மங்கலாக்குவது. தெர்மலில் இதை ஒதுக்க முடியாது. சாதாரணக் கேமராவில் ஒளியின் அலைநீளம் அரை மைக்ரான். இங்கே 8 முதல் 14 மைக்ரான் வரை. அதாவது நாம் பிடிக்கப் பார்க்கும் அலையே ஏறக்குறைய பிக்சல் அளவுக்கு இருக்கிறது. எவ்வளவு உயர்ந்த லென்ஸ் ஆனாலும் ஒரு புள்ளியைப் புள்ளியாகக் குவிக்க முடியாது, ஒரு வட்டமாகத்தான் குவிக்கும். 10 மைக்ரான் அலைக்கு எஃப்/1.0 லென்ஸில் அந்த வட்டத்தின் விட்டம் 24 மைக்ரான். 12 மைக்ரான் பிக்சல்கள் இரண்டின் மேல் அது படர்ந்து உட்காரும். இதன் விளைவு கூர்மையில் தெரியும். ஒரு பிக்சல் சூடு, அடுத்த பிக்சல் குளிர் என்று மாறி மாறி வரும் மிக மெல்லிய கோடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். குறையே இல்லாத எஃப்/1.0 லென்ஸ் 17 மைக்ரான் சென்சாருக்கு அவற்றின் வேறுபாட்டில் சுமார் 63 சதவீதத்தைக் கொண்டு சேர்க்கும். 12 மைக்ரான் சென்சாருக்கு 48 சதவீதம். லென்ஸ் எஃப்/1.4 ஆக இருந்தால் 12 மைக்ரானுக்கு 30 சதவீதம்தான் மிஞ்சும். இவை கணக்குப் போட்டு வந்த எண்கள். நிஜ லென்ஸ்கள் இதைவிடக் கீழேதான் இருக்கும். சோதனை மேஜையில் நான் பார்க்கும் வரிசையும் இதுவே: 12 மைக்ரான் சென்சார் வேகமான, அதாவது எஃப் எண் குறைந்த லென்ஸோடு வந்தால் அழகாக வேலை செய்கிறது, எஃப்/1.2, எஃப்/1.4 என்று லென்ஸில் கை வைத்தால் படம் சோப்பு பூசியது போல மங்கிவிடுகிறது.

8 மைக்ரானுக்குப் போனால் லாபம் உண்டா என்று அடுத்து கேட்பீர்கள். உண்டு, ஆனால் படிப்படியாகக் குறைகிறது. எஃப்/1.0 லென்ஸ் இந்த அலைநீளத்தில் தரக்கூடிய நுணுக்கம் முழுவதையும் அள்ளிவிட 5 மைக்ரான் பிக்சல் போதும், அதற்குக் கீழே போய் ஒன்றும் கிடைக்காது. 12-லிருந்து 5 வரையிலான தூரத்தில் கிடைப்பது மேலும் மேலும் மங்கலான நுணுக்கம். அதை மென்பொருள் தூக்கி நிறுத்த வேண்டும். தூக்கும்போது இரைச்சலும் கூடவே எழும். விலங்கு பார்ப்பவருக்கு 12-லிருந்து 8-க்கு மாறுவது 17-லிருந்து 12-க்கு மாறியதைவிடச் சின்ன முன்னேற்றமாகத்தான் படும் என்பது என் கணிப்பு. இதை மட்டும் அளந்து உறுதி செய்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கணக்கு போதும், ஒரு இரவைச் சொல்கிறேன். உங்கள் ஜோடியைப் போலவே 17-35, 12-25 என்று இரண்டு கருவிகளை ஒரே முக்காலியில் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, புல்வெளி ஓரத்தில் வைத்திருந்தேன். சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு எடுத்த படங்களில் எது எந்தக் கருவி என்று பெயர் பார்க்காமல் சொல்ல முடியவில்லை. மண், கல், மரம், வேலிக்கம்பு எல்லாம் பகல் சூட்டைத் தனித்தனி அளவில் வைத்திருந்தன, வேறுபாடு தாராளம். நடு இரவில் இரண்டு மணி நேரம் மழை கொட்டியது. மழை நின்று, விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி பார்த்தேன். தண்ணீர் எல்லாவற்றையும் கழுவி ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவந்துவிட்டிருந்தது. 25 மில்லிமீட்டர் கருவியில் புல்வெளி முழுவதும் பொடி மணல் கொதிப்பது போல இருந்தது. வேலிக்கம்புகளில் கிட்டே இருந்த மூன்றுதான் தெரிந்தன. 35-ல் ஏழெட்டு எண்ண முடிந்தது, அதற்குப் பின்னால் மரத்தடியின் விளிம்பும் இருந்தது.

அந்த நேரத்தில் ஒரு முயல் வந்தது. இரண்டு கருவியிலும் பளிச்சென்று தெரிந்தது! இதை அடிக்கோடிட்டுச் சொல்ல விரும்புகிறேன். உடல் சூடுள்ள விலங்குக்கும் தரைக்கும் பல டிகிரி வித்தியாசம் இருக்கும். கருவியின் இரைச்சலோ 0.05 டிகிரி பக்கம். நூறு மடங்கு தள்ளி நிற்கும் ஒன்றைப் பார்க்க எந்தக் கருவியும் போதும். உணர்திறன் கை கொடுப்பது விலங்கைச் சுற்றியுள்ள இடத்தைக் காட்டுவதில்: அது புதருக்கு முன்னால் நிற்கிறதா பின்னாலா, எந்தப் பக்கம் பள்ளம், எங்கே வேலி. அப்புறம், மயிர் நனைந்து மேல்தோல் குளிர்ந்துபோன விலங்கு, இலைகளின் இடுக்கில் துளியாகத் தெரியும் காது, பனிமூட்டத்தில் பாதி கரைந்துபோன உருவம், இவற்றிலும்தான். நீங்கள் பெரும்பாலும் வறண்ட இரவுகளில் வெளியே போகிறவர் என்றால் நான் மேலே சொன்ன இரண்டு மடங்கு ஆற்றல் கணக்கு உங்கள் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். ஈரமான இடத்தில், விடியற்காலையில் பார்க்கிறவர் என்றால் அதுதான் எல்லாம்.

பிக்சல் கோணம் வேறொரு விதத்திலும் காலை வாரிவிடும். வெப்பநிலையை எண்ணாக அளக்கும் கருவிகளில் இது நடக்கும். உங்களுக்கு இது தேவைப்படாமல் போகலாம், இருந்தாலும் படிப்பவர்களில் மின் இணைப்புகளைச் சோதிப்பவர்கள் இருக்கக்கூடும். ஒரு தடவை மேல்நிலைக் கம்பியில் ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு இணைப்பை 30 மீட்டர் தள்ளி நின்று அளந்தோம். இரண்டு கருவியிலும் 25 மில்லிமீட்டர் லென்ஸ். 17 மைக்ரான் கருவி காட்டிய வெப்பநிலை, 12 மைக்ரான் கருவி காட்டியதைவிடப் பத்து டிகிரிக்கும் மேல் குறைவு. இரண்டும் மேஜையில் சரியாக அளந்தவை, பழுது ஏதும் இல்லை. 30 மீட்டரில் 17 மைக்ரானின் ஒரு பிக்சல் 2 சென்டிமீட்டரைப் பார்க்கிறது. நம்பத்தக்க அளவுக்கு மூன்றுக்கு மூன்று பிக்சலாவது பொருளின் மேல் முழுதாக விழ வேண்டும் என்பது பொதுவான விதி. அதற்கு 6 சென்டிமீட்டர் தேவை, இணைப்போ 5. ஓரத்துப் பிக்சல்களில் பின்னால் இருந்த தெளிந்த வானம் கலந்துவிட்டது. தெளிந்த வானம் இந்த அலைநீளத்தில் உறைநிலைக்கும் கீழே தெரியும். 12 மைக்ரானில் மூன்று பிக்சல் 4.3 சென்டிமீட்டரில் அடங்கிவிட்டது. அன்றைக்கு முதல் கருவியை மட்டும் எடுத்துப் போயிருந்தால், கொதித்துக்கொண்டிருந்த இணைப்பை 'பரவாயில்லை' என்று எழுதிவிட்டு வந்திருப்போம். இந்த வேலைக்கு, ஒரே லென்ஸ் என்றால், சின்னப் பிக்சல்தான் என்று தயங்காமல் சொல்வேன்.

லென்ஸைப் பற்றி இன்னொன்று. எஃப்/1.0 லென்ஸில் குவியம் மிகவும் இறுக்கம். சென்சார் 20 மைக்ரான் முன்னே பின்னே போனாலே கூர்மை போய்விடும். ஜெர்மானியத்தின் ஒளிவிலகல் எண் வெப்பத்தால் நிறைய மாறக்கூடியது. எந்த ஈடும் செய்யாத 25 மில்லிமீட்டர் லென்ஸில் ஒரு டிகிரிக்குச் சுமார் 3 மைக்ரான் குவியம் நகரும். வீட்டுக்குள்ளிருந்து வெளியே கொண்டுவந்ததும் 10 டிகிரி இறங்கினால் 30 மைக்ரான் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். 12 மைக்ரான் பிக்சலுக்கு இந்தப் பிசகு இன்னும் சீக்கிரம் கண்ணில் படும். அதனால் குவியத்தைக் கையால் திருப்பும் வசதி இல்லாத, 'நிலையான குவியம்' என்று வரும் நீளமான லென்ஸ் கருவிகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

தாளில் இருக்கும் உணர்திறன் எண்ணைப் படிக்கும்போதும் கவனம் வேண்டும். '40 மில்லிகெல்வினுக்குக் கீழ்' என்று போட்டிருப்பது இரைச்சலுக்குச் சமமான வெப்பநிலை வேறுபாடு (மில்லிகெல்வின் என்றால் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சிறிய எண் நல்லது. ஆனால் அது பெரும்பாலும் சென்சாரை மட்டும் எஃப்/1.0-ல் அளந்த எண். கருவியில் மாட்டியிருப்பது எஃப்/1.2 லென்ஸ் என்றால் 40 என்பது 58 பக்கம் ஆகிவிடும், எஃப்/1.4 என்றால் 78. இரைச்சலை வடிகட்டும் மென்பொருளை ஓடவிட்டு அளந்த எண்களும் புழக்கத்தில் இருக்கின்றன. அவை காகிதத்தில் அழகாக இருக்கும், படத்தில் நுண்ணிய விவரம் வழுவழுப்பாகிப் போயிருக்கும். இரண்டு நிறுவனங்களின் எண்களைப் பக்கத்தில் வைத்து, 35 மில்லிகெல்வினைவிட 25 மில்லிகெல்வின் நல்லது என்று முடிவு செய்வதை நான் செய்ய மாட்டேன். ஒரே நிறுவனம், ஒரே முறையில் அளந்த எண்கள் என்றால் ஒப்பிடலாம்.

குளிரூட்டிய சென்சார்களைத் தொடுவதாகச் சொன்னேன். அவை திரவ நைட்ரஜனின் அளவுக்கு, மைனஸ் 196 டிகிரி பக்கம் குளிர்ந்து வேலை செய்பவை. பெரும்பாலும் 3 முதல் 5 மைக்ரான் அலைநீளத்தில், கதிரை நேரடியாக மின்னூட்டமாக்குபவை. அங்கே சின்னப் பிக்சலின் சிக்கல், மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்க இடம் போதாமல் போவது. கால், குடை, சூடு வடிவது எதுவும் அங்கே இல்லை. அதனால் இங்கே சொன்னதை அப்படியே அங்கே கொண்டுபோய்ப் பொருத்த வேண்டாம்.

உங்கள் தேர்வுக்கு வருகிறேன். சென்சார்கள் இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தவை என்றால், 300, 400 மீட்டர் வேலைக்கு நான் 17-35 கருவியை எடுப்பேன். தூரம் ஒன்று, ஆற்றல் இரண்டு மடங்கு, கூர்மையும் ஒரு படி மேல். கையில் பிடித்து நெடுநேரம் நடக்க வேண்டும், எடைதான் பிரச்சினை என்றால் 12-25 எடுங்கள், மழை இரவுகளில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்து எடுங்கள். 12 மைக்ரானில் 35 மில்லிமீட்டர் எஃப்/1.0 கிடைத்து, குறுகிய பார்வைப் புலம் உங்களுக்குத் தொந்தரவில்லை என்றால், மூன்றில் அதுதான் என் முதல் விருப்பம். 400 மீட்டர் விலங்குக்கு ஐந்துக்குப் பதில் ஏழு பிக்சல் என்பது கொம்பு இருக்கிறதா இல்லையா என்பதைத் தெரிந்துகொள்ளும் அளவுக்கான வித்தியாசம்.

வாங்குவதற்கு முன்னால் முடிந்தால் இரண்டையும் ஒரு மணி நேரம் கையில் வாங்கிப் பாருங்கள். கடைக்குள் வைத்துப் பார்க்காதீர்கள். அறைக்குள் எல்லாக் கருவியும் அழகாகத்தான் காட்டும். மழை விட்ட பிறகோ, விடியற்காலையிலோ வெளியே எடுத்துப் போய், மென்பொருள் மெருகை முடிந்த அளவு அணைத்துவிட்டு, உயிரில்லாத எதையாவது பாருங்கள். தூரத்து வேலி, இலையில்லாத கிளை, கல் குவியல். பத்து நிமிடம் வெளிக்காற்றில் ஆறவிட்டு, குவியத்தை மறுபடி திருத்திய பிறகு பாருங்கள். எந்தக் கருவியில் அதிகக் கம்பங்களை எண்ண முடிகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால் போதும்.